ஆர்லிஸோட ஆறு துப்பாக்கி

டெல்மர் ஹக்கபிக்கு சூறாவளின்னா பயம் கிடையாது. வந்தா நிலவறைக்குள்ள இறங்கி உக்காந்துக்குவான். பாம்புன்னா பயம் கிடையாது. வருமான வரிக்காரன்னாக்கூடப் பயம் கிடையாது, ஏன்னா பெருசா வருமானம் கிடையாது. அறுபத்தோரு வயசுல அந்த மனுஷன் நடுங்கினது ஒரே ஒரு காகிதத்தைப் பாத்துத்தான். வீட்டு இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பின காகிதம். அவன் பிரிச்சிருந்தா அடுப்புல போட்டிருப்பான். பிரிச்சது அவன் பொண்டாட்டி வெல்டா.

நவம்பர் மாசம், திங்கக்கிழமை காலையில. வர்ற சனிக்கிழமை மான் வேட்டை ஆரம்பம். நம்ம ஒக்லஹோமா பக்கம் அந்தச் சனிக்கிழமைன்னா கல்யாணம் வைக்க மாட்டான், கருமாதி வைக்க மாட்டான். செத்தவன்கூட திங்கக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கணும். டெல்மர் அந்த நெனப்புலயே முட்டையைத் தின்னுக்கிட்டு இருந்தான். வெல்டா மூக்குக்கண்ணாடியப் போட்டா.

"புதுசா ஒரு பாரம் அனுப்பிருக்கான். எல்லாத்தையும் மறைக்காம எழுதணுமாம். நீச்சல்குளம் இருக்கா?"

"மாடு தண்ணி குடிக்கிற தொட்டி இருக்கு."

"இல்லைன்னு போடுறேன். கடிக்கிற நாய்?"

ரெண்டு பேரும் அடுப்போரமாப் படுத்திருந்த ஜெனரலைப் பாத்தாங்க. ஜெனரலுக்கு வயசு பதினாலு. வாயில பல்லு ஒண்ணு. அதுவும் ஆடுது.

"இல்ல," ன்னு ரெண்டு பேரும் ஒண்ணாச் சொன்னாங்க.

"துப்பாக்கி எத்தனை?"

டெல்மர் முள்கரண்டியைக் கீழ வச்சான்.

"மூணு."

"அலமாரியில ஒம்போது நிக்குதே."

"ஆறு ஆர்லிஸோடதுல்ல. உனக்குத் தெரியாததா."

"ஆமாமா. ஆர்லிஸோடது," ன்னா வெல்டா. சொல்லிட்டு ஒரு மாதிரி அமைதியா பேனாவை எடுத்தா.

இந்த ஆறு துப்பாக்கி கதையை இப்பச் சொல்லிடுறேன். ஆர்லிஸ்ங்கறவன் டெல்மருக்குப் பக்கத்து நிலத்துக்காரன், கூட்டாளி. ஒம்போது வருசத்துக்கு முன்னாடி டெல்மர் ஒரு ரைஃபிள் வாங்கிட்டு வந்தான். பொண்டாட்டி வாசல்லயே நின்னா. வாயில என்ன வந்துச்சோ அதைச் சொன்னான்: "ஆர்லிஸோடது. அவன் வீட்டுக்கூரை ஒழுகுதாம். பத்திரமா வச்சிருக்கச் சொன்னான்." வெல்டா நம்பிட்டா. அட, இவ்வளவு சுலபமான்னு டெல்மருக்கே ஆச்சரியம். அடுத்த துப்பாக்கி வந்தப்ப ஆர்லிஸ் வீட்டுக்கு விருந்தாளிங்க வந்திருந்தாங்க, சின்னப் புள்ளைங்க இருக்கு. அதுக்கடுத்து ஆர்லிஸோட பூட்டு கெட்டுப்போச்சு. அஞ்சாவது வந்தப்ப ஆர்லிஸுக்கு முதுகுவலி. முதுகுவலிக்கும் துப்பாக்கிக்கும் என்னய்யா சம்பந்தம்னு வெல்டா கேக்கல. நம்மாளு அங்கயே உஷாராகியிருக்கணும். ஆகல.

சரி, வாங்கக் காசு? அதுக்குத்தான் கன்னுக்குட்டிங்க சாகும். ஒரு துப்பாக்கிக்கு ஒரு கன்னுக்குட்டி. அடுத்த கவுண்டி மாட்டு ஏலக்கொட்டாய்ல கொண்டுபோய் வித்துட்டு, வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழட்டி நெஞ்சுல வச்சுக்கிட்டு, "வெல்டா கண்ணு, நம்ம கன்னுக்குட்டி பட்டன் போயிடுச்சு" ம்பான். பட்டனுக்கு வயித்து உப்புசம். வாஃபிளை ஓநாய் தூக்கிட்டுப் போயிடுச்சு. மூணாவதை மின்னல் தாக்கிடுச்சு. அன்னைக்கு மழையே இல்ல. வெல்டா ஒவ்வொண்ணுக்கும் கொட்டகைக்குப் பின்னால மண்ணுல பூ வச்சா. டெல்மர் பக்கத்துல தலையைக் குனிஞ்சு நின்னான். ஆறு தடவை நின்னிருக்கான்.

அந்த ஆறுல கடைசியா வந்ததுதான் அவனுக்கு உசுரு. லீவர் இழுத்துச் சுடுற ரைஃபிள். வால்நட் கட்டை, தேன் நெறம். பொண்டாட்டி சர்ச்சுக்குப் போன நேரமாப் பாத்து அதுக்கு எண்ணெய் தடவிக்கிட்டே பேசுவான். இந்த சனிக்கிழமைதான் அதுக்கு முதல் வேட்டை. அந்த ரைஃபிளோட காட்டுல வேட்டைப் பரண்ல ஏறி உக்காரணும், அம்புட்டுதான் ஆசை.

வெல்டா பாரத்தைத் திருப்பினா.

"எழுதாத துப்பாக்கி திருட்டுப் போனாலும் தீப்பிடிச்சாலும் ஒத்த டாலர் வராதாம். ஆர்லிஸுக்குச் சொல்லிடு. பாவம், ஆறும் நம்ம வீட்டுல அம்போன்னு நிக்குது."

"சொல்றேன்."

"போன வாரம்தான் மில்லர் வீட்டுல பூட்டை ஒடைச்சிருக்கான்."

"சொல்றேன்னேன்ல."

டெல்மருக்கு அதுக்கப்புறம் முட்டை இறங்கல. எழுதினா பொண்டாட்டிக்குத் தெரிஞ்சிடும். எழுதலைன்னா கள்ளன் வந்தா போச்சு. ராத்திரி புரண்டு படுத்தான். மறுநாள், தீவனம் வாங்கப்போறேன்னு சொல்லிட்டு இன்சூரன்ஸ் ஆபீஸுக்கே போயிட்டான்.

ஆபீஸ்ல டாக்கெட் அம்மா. முப்பது வருசமா அதே நாற்காலி. நம்ம பிளம் கிரீக் ஊர்ல யார் வீட்டுல என்ன இருக்குன்னு பாதிரியாரைவிட அந்தம்மாவுக்குத்தான் அதிகம் தெரியும்.

"என் சிநேகிதர் ஒருத்தருக்காகக் கேக்குறேன்," ன்னான் டெல்மர்.

"கேளுங்க டெல்மர் சார். எல்லாரும் சிநேகிதருக்காகத்தான் வருவாங்க."

"அவர்கிட்ட கொஞ்சம் துப்பாக்கி இருக்கு. அவர் வீட்டம்மாவுக்குத் தெரியாம எழுத முடியுமா?"

"பாலிசி ரெண்டு பேர் பேர்ல இருக்கா?"

"இருக்கு."

"அப்ப ரெண்டு கையெழுத்து வேணும். பட்டியல் வீட்டுக்குத் தபால்ல வரும். கவர்ல ரெண்டு பேர் பேரும் இருக்கும்."

"தபாலை வேற எடத்துக்கு அனுப்பினா?"

"சிநேகிதர் வேற எடத்துல குடியிருக்கப் போறாரா?"

டெல்மர் யோசிச்சான். இப்படியே போனா அதுவும் நடக்கலாம்னு தோணுச்சு.

"அந்தத் துப்பாக்கி இன்னொருத்தரோடதுன்னா?"

"அப்ப அந்த இன்னொருத்தர் அவரோட பாலிசியில எழுதணும். ரொம்ப சுலபம்." அந்தம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலால பாத்துச்சு. "வெல்டாவைக் கேட்டதாச் சொல்லுங்க."

டெல்மர் வெளிய வரும்போது மூஞ்சி பளபளன்னு இருந்துச்சு. கண்டுபிடிச்சுட்டான். ஆர்லிஸ் தன்னோடதுன்னு எழுதிட்டா, ஆறுக்கும் இன்சூரன்ஸ் வந்தாச்சு. பொண்டாட்டிக்கிட்ட சொன்ன பொய்க்கும் இன்சூரன்ஸ் வந்தாச்சு. காகிதம் ஆர்லிஸ் வீட்டுல, துப்பாக்கி நம்ம வீட்டுல. தனக்கு இம்புட்டு மூளை இருக்குன்னு பள்ளிக்கூடத்துல ஒருத்தனும் சொல்லலியேன்னு வண்டி ஓட்டிக்கிட்டே வருத்தப்பட்டான்.

ஆர்லிஸ் வாசல்ல உக்காந்து அவனோட துப்பாக்கியைக் கம்பி வச்சுக் கட்டிக்கிட்டு இருந்தான். அவன்கிட்ட இருக்கறது ஒண்ணே ஒண்ணு. கட்டை பொளந்து நாலு வருசம் ஆச்சு. நல்ல மனுஷன், பொய் சொல்ல வராது. சின்ன வயசுலருந்து ஒரு வியாதி: பொய் சொன்னா விக்கல் வந்துடும். அதனாலயே ஊர்ல யாரும் அவனைச் சீட்டாடக் கூப்புடறதில்ல. அவன் பொண்டாட்டி நெட்டி வேன்ல பெக்கான் பைங்கற இனிப்புப் பலகாரத்தை அடுக்கிக்கிட்டு இருந்தா. எங்கயோ கொண்டுபோய் விக்கிறா. எங்கன்னு டெல்மர் கேட்டதே இல்ல. குடுத்தா திம்பான்.

நெட்டி வேனைக் கிளப்பிட்டுப் போற வரைக்கும் காத்திருந்தான்.

"ஆர்லிஸு, ஒரு உதவி. ஒரே ஒரு கையெழுத்து."

ஆபீஸ்ல வாங்கின பாரத்தை நீட்டி விவரம் சொன்னான். ஆர்லிஸ் கேட்டு முடிச்சுட்டு கம்பியைக் கீழ வச்சான்.

"ஏன்டா, ஒம்போது வருசமா எனக்கு ஆறு துப்பாக்கி இருக்கா?"

"உன் வீட்டுக்கூரை ஒழுகுதுடா."

"எங்கடா ஒழுகுது?"

"வெல்டாகிட்ட ஒழுகுது. உனக்கு முதுகுவலி வேற."

"அதான் அவ பாக்கும்போதெல்லாம் முதுகு எப்படி இருக்குன்னு கேக்குறாளா. நான் பாசம்னு நெனச்சேன்."

"கையெழுத்துப் போடுறியா இல்லியா? அதிகமாக் கட்டுற பணத்தை நான் தந்துடுறேன். ஒரு புகைபோட்ட பன்னித்தொடையும் தரேன்."

"நெட்டி கேட்டா?"

"உன்னோடதுன்னு சொல்லு."

"என்னோ.. ஹிக். என்னோட.. ஹிக்."

"சொல்ல வேண்டாம். எழுது. எழுதினா விக்கல் வராது."

எழுதினாலும் வந்துச்சு. கையெழுத்து ரெண்டு எடத்துல குதிச்சிருக்கு. ஆனாலும் போட்டுட்டான். டெல்மர் தன்னோட பாரத்துல "எனக்கு மூணு, ஆர்லிஸுக்கு ஆறு" ன்னு முத்து முத்தா எழுதி, கையெழுத்துப் போட்டு, வெல்டாகிட்ட நீட்டினான். அவ படிச்சா. ரெண்டு தடவை படிச்சா.

"நல்லா யோசிச்சுத்தான எழுதினே?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு? உண்மையை எழுதறதுக்கு."

"ஏன்னா, இதுல கீழ போட்டிருக்கான், எழுதினது தப்பா இருந்தா மாத்தி எழுதிக் குடுக்க வெள்ளிக்கிழமை வரைக்கும் டயம்னு."

"தப்பே இல்ல தாயி. போடு."

வெல்டா போட்டா. குண்டு குண்டா அழகான கையெழுத்து.

வியாழக்கிழமை முழுக்க டெல்மர் விசில் அடிச்சுக்கிட்டுத் திரிஞ்சான். வெள்ளிக்கிழமை தோட்டா வாங்க டவுனுக்குப் போயிட்டு, சாயங்காலம் வந்து, தேன் நெறத்தழகியைப் பாக்கலாம்னு அலமாரியைத் திறந்தான்.

உள்ள பீச் பழம்.

பாட்டில் பாட்டிலா, வரிசை வரிசையா, மேல இருந்து கீழ வரைக்கும் பீச் பழம். ஓரமா அவனோட மூணு துப்பாக்கி மட்டும், பஸ்ல இடம் கிடைக்காதவன் மாதிரி சுவத்தோட ஒட்டி நின்னுச்சு.

"வெல்டா."

"என்னப்பா?"

"இதுல ஆறு.. ஆர்லிஸோடது.."

"குடுத்துட்டேன். நெட்டியும் நானும் போர்வையில சுத்தி வேன்ல வச்சுக் கொண்டுபோய் விட்டோம். டாக்கெட் அம்மாவுக்கு போன் போட்டேன். எழுதினவன் வீட்டுல இருந்தாத்தான் செல்லுமாம், அடுத்த வீட்டுல நின்னா செல்லாதாம். பதறிட்டேன். அவன் காசு கட்டி, நம்ம வீட்டுல திருட்டுப்போனா யாருக்கு நஷ்டம்? பாவம் ஆர்லிஸ்."

"பாவம் ஆர்லிஸ்," ன்னான் டெல்மர்.

"பாட்டிலை நிலவறையில வச்சு, பதினோரு படி ஏறி இறங்கி என் முழங்கால் போச்சு. எத்தனை வருசமா கேக்குறேன் ஒரு அலமாரி. இன்னைக்குத்தான் அமைஞ்சுது. சூப் சூடா இருக்கு, வா."

டெல்மர் சூப்புக்கு நிக்கல. வண்டியை எடுத்துக்கிட்டு ஒரே அழுத்து.

ஆர்லிஸ் வீட்டுக் கூடத்துல புதுசா ஒரு மரத்தாங்கி அடிச்சிருக்கான். ஆறும் வரிசையா. தேன் நெறத்தழகி நடுவுல. அவளுக்கு எண்ணெய் தடவியிருக்கான். பளபளன்னு, டெல்மர் வீட்டுல இருந்ததைவிட நல்லாவே இருந்தா.

"ரொம்ப நன்றிடா, பத்திரமா வச்சிருந்ததுக்கு," ன்னான் டெல்மர். "எடுத்துட்டுப் போறேன்."

"எதை?"

"என்னடா எதை? என் துப்பாக்கியை."

ஆர்லிஸ் நாற்காலியில சாஞ்சான். "டெல்மரு, நீ என் பால்ய சிநேகிதன். ஆனா அது என்னோடது."

டெல்மர் காத்திருந்தான். விக்கலுக்காகக் காத்திருந்தான்.

வரல.

"இன்னொரு தடவை சொல்லு."

"அந்த ஆறும் என்னோடது. உன் கையெழுத்தும் என் கையெழுத்தும் ஆபீஸ்ல இருக்கு. நெட்டி சொல்லிட்டா, இன்சூரன்ஸ் கட்டினதுக்கப்புறம் அதை வேற ஒருத்தன்கிட்ட குடுத்தா கம்பெனியை ஏமாத்துன மாதிரின்னு. நான் ஏமாத்தலாமா? என் ஒடம்புக்கு ஒத்துக்காதே."

டெல்மர் அவன் தொண்டையையே பாத்தான். அசையல. இந்த ஒலகத்துல இனி யாரு வந்து சொன்னாலும் அந்தத் துப்பாக்கி ஆர்லிஸோடதுதான்னு டெல்மருக்கே ஒரு நிமிசம் தோணிப்போச்சு. அந்த விக்கல் மேல ஊருக்கே அம்புட்டு நம்பிக்கை.

"நாளைக்கு ஒரு நாளாவது குடுடா. வேட்டைடா."

"நாளைக்கு எனக்கும் வேட்டைதானடா. வேணும்னா இதை எடுத்துக்க." கம்பி கட்டின துப்பாக்கியை நீட்டினான். "பாத்து சுடு. கட்டை கன்னத்துல கிள்ளும்."

சனிக்கிழமை. விடியறதுக்கு முன்னாடி டெல்மர் அவன் பரண்ல. கையில அவனோட மூணுல ஒண்ணு, பழைய ஷாட்கன், குளிர்ல மூக்கு ஒழுகுது. மான் ஒண்ணும் வரல. வேலிக்கு அந்தப் பக்கம் ஆர்லிஸோட பரண். ஏழு மணிக்கு ஒரே ஒரு சத்தம். டெல்மருக்கு அந்தச் சத்தம் தெரியும். பொண்டாட்டி சர்ச்சுக்குப் போனப்ப, சோளக்காட்டுல பழைய டப்பாவை வச்சுச் சுட்டு நாலு தடவை கேட்டிருக்கான். அவன் அழகியோட குரல்.

கொஞ்ச நேரத்துல ஆர்லிஸ் கத்தினான்: "டெல்மரு, பத்துக் கிளைக் கொம்புடா. இழுக்க ஒரு கை குடு."

போய்க் குடுத்தான். முக்கால் மணி நேரம் இழுத்தான். ஆர்லிஸுக்கு நெசமாவே முதுகுவலி வந்துடுச்சு. பாக்கி இழுத்ததும் டெல்மர்தான்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழட்டி நெஞ்சுல வச்சுக்கிட்டு அடுப்படி வாசல்ல நின்னான். வெல்டா பீச் பாட்டில் ஒண்ணைத் திறந்துக்கிட்டு இருந்தா.

"இப்ப எது செத்துச்சு?" ன்னா, திரும்பாமலே.

"எதுவும் சாகல. வெல்டா, ஒரு உண்மை சொல்லணும். அந்த ஆறும் என்னோடது."

"எந்த ஆறு?"

"துப்பாக்கி."

"ஆர்லிஸோடதுன்னு எழுதிக் குடுத்திருக்கியே."

"பொய்."

"வாங்கக் காசு ஏது உனக்கு?"

டெல்மர் தொப்பியை ஒரு சுத்து சுத்தினான். இன்னொரு சுத்து சுத்தினான்.

"கன்னுக்குட்டி."

"நம்ம கன்னுக்குட்டியா? அதுங்கதான் செத்துப்போச்சே."

"சாகல."

"பட்டன்?"

"வித்துட்டேன்."

"வாஃபிள்? ஓநாய் தூக்கிட்டுப் போச்சே."

"ஓநாய் இல்ல. ஏலம்."

"மின்னல்ல போனது?"

"அதுக்குத்தான் நல்ல வெலை கெடச்சுது."

வெல்டா ஒரு துண்டு பீச்சை எடுத்து வாயில போட்டு, நிதானமா மென்னு முழுங்கினா.

"தெரியும்."

"எப்பலருந்து?"

"பட்டன்லருந்து. அந்த ஏலக்கொட்டாய்ல மூணு துண்டு பெக்கான் பை தின்னியே, அது யாரு சுட்டதுன்னு நெனச்சே? நெட்டி அங்க அடுக்களை ஜன்னல் வழியா உன்னையும் பாத்தா, பட்டனையும் பாத்தா."

டெல்மர் நாற்காலியில உக்காந்தான். ஜெனரல் எந்திரிச்சு வந்து ஒத்தப் பல்லைக் காட்டிட்டுப் போய்ப் படுத்துக்கிச்சு.

"தெரிஞ்சும் ஏன் பூ வச்ச?"

"நீ பக்கத்துல தொப்பியைக் கழட்டிட்டு நின்னியா. பாக்க நல்லா இருந்துச்சு. சர்ச்சுல கூட நீ அப்படி நிக்க மாட்டே." தட்டுல ரெண்டு பீச்சை வச்சு அவன் முன்னால தள்ளினா. "பாரம் வந்த அன்னைக்கே சொல்லிடுவேன்னு நெனச்சேன். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் டயம்னு வேற சொன்னேன். நீதான் தப்பே இல்லைன்னே."

"இப்பச் சொல்லிட்டேன்ல. ஆர்லிஸ்கிட்ட வாங்கிக் குடு வெல்டா. அந்த ஒண்ணை மட்டுமாவது."

"நான் எப்படிப்பா வாங்க முடியும்? அது அவனோடது. அவனுக்கு விக்கல்கூட வரலையாமே." கையைத் துடைச்சுக்கிட்டா. "ஒண்ணு பண்ணு. அவன் வீட்டுக்கூரை ஒழுகுது, பூட்டு வேற சரியில்ல, நான் பத்திரமா வச்சிருந்து தரேன்னு போய்க் கேளு. ஒம்போது வருசப் பழக்கம் இருக்கு உனக்கு."

டெல்மர் தலை நிமிந்தான். தொப்பியை எடுத்து மாட்டிக்கிட்டு வேகமா வாசல் வரைக்கும் போயிட்டான்.

"ஆனா ஒண்ணுப்பா," ன்னா வெல்டா, அடுத்த பாட்டிலைத் திறந்துக்கிட்டே, "மறைக்காம சொல்லிடு, நம்ம அலமாரியில இடமில்லைன்னு."